இருநூறு பேர்

மூன்றாம் பாகத்தைப் பிளேட்டால் அறுத்தது நான்தான்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆள் நாலு, பிரதி ஒன்று.
முதுகு பிரிந்த சத்தத்துக்கு
ஜெஸீலா டீச்சர் காதைப் பொத்திக்கொண்டா.
துண்டுக்கொரு ரப்பர் பாண்ட்.
கடைசித் துண்டு டினோஜனுக்கு விழுந்தது:
ராணி செத்தது தெரியும் அவனுக்கு,
ஏன் முடி சூடினாள் என்று தெரியாது.
எங்கள் ஊகங்கள் எல்லாம்
அந்த ஓட்டைகளில்தான் முளைத்தன.

கல்லடியில் அவனுடைய போன் திருத்தும் கடை.
எட்டு மணிக்குச் சட்டர் பாதி இறங்கும்.
நாலாம் பாகம் வரவில்லை, பதினொரு வருசம்;
எழுதியவர் ஆடு வளர்க்கிறாராம் என்று கேள்வி.
ஆகவே
உவர்வெளியில் நடக்கவேண்டிய கடைசிப் போரை
நாங்களே நடத்தினோம்,
உடைந்த திரைகளுக்கும் பிளேன்டீக்கும் நடுவில்.

"கடைசிப் போர்ல" என்று டினோஜன் கத்துவான்.
வெளியே போகிற சைக்கிளொன்று மெதுவாகும்,
பிறகு போகும்.

டீச்சர் காத்தான்குடியில் பௌதிகவியல் ரியூசன்.
மந்திரத்துக்கும் அதே விதிதான் என்றா.
"ஆக்கவும் ஏலா, அழிக்கவும் ஏலா.
அங்க ஒருத்தன் மலையத் தூக்கினா
எங்கயோ ஒரு ஊர்ல அடுப்பு அணையோணும்."
கொப்பியில் குறித்தும் வைத்திருந்தா:
மூன்று பாகத்திலும் காரணமில்லாமல் அணைந்த அடுப்புகள்,
பதினேழு.
பக்க எண்ணோடு.

நான் மின்சார சபையில் கணக்கு எழுதுகிறவன்.
எனக்கு மந்திரம் விளங்காது, கூட்டல் விளங்கும்.
இரண்டாம் பாகத்தில் ஆற்றைக் கடந்தவர் நாலாயிரம்.
மூன்றாம் பாகத்தில் செத்தவர் மூவாயிரத்து நூறு.
திரும்பி வந்தவர் எழுநூறு.
மிச்சம்?

"அச்சுப் பிழை" என்றேன்.
"பிழை இல்ல, பொறி" என்றான் டினோஜன்,
கையில் திருகாணி முடுக்கியோடு எழும்பி.
"அந்த இருநூறு பேரும் பனிக்குள்ள நிக்கிறாங்க அண்ணன்.
எல்லாம் முடியிற நேரம், ராணிட கொடி சரியிற நேரம்,
பின்னால இருந்து வருவாங்க. பாருங்களன்!"
மயிர் கூச்செறிந்தது எனக்கு, சொல்லக் கூடாது.
டீச்சரும் கொப்பியை மூடிவிட்டு
"வந்தா நல்லம்தான்" என்றா.

கிருபைராசா அதுவரை வாய் திறக்கவில்லை.
ஓட்டோ ஓட்டுகிறவர், சீற்றுக்கடியில் அகராதி,
ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம்.
தேத்தண்ணிக் கிளாசை மேசையில் வைத்தார்,
மறுகாலும் எடுத்தார்.
"ஏன் வரோணும்?" என்றார்.

"அவங்க வந்தாத்தானே—"
"ஏன் தம்பி வரோணும்?
கணக்குல இல்லாட்டிச் செத்ததா?
கணக்குல இல்லாட்டி வந்து சண்டை பிடிக்கோணுமா?
எங்கயாவது இருக்கட்டும்.
மீன் பிடிச்சு, கச்சான் போட்டு.
கொம்பு ஊதினாக் கேக்காத தூரத்தில."

டினோஜன் இருந்தான்.
திருத்த வந்த போன் ஒன்று தானாக அதிர்ந்து நின்றது.
அவருக்கு ஒரு தமையன் என்று
எப்போதோ யாரோ சொன்னது.
நான் கேட்டதில்லை.

அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தை அவர்தான் எடுத்தார்,
தன் துண்டில், மடித்து வைத்த மூலையில்.
ஒற்றன் ஒருவன் குதிரையைத் திருப்புமுன்
நாணற்காட்டுக்கு அப்பால் பார்க்கிறான்:
மெல்லிய புகை. ஒரே ஒரு வரி.
பிறகு கதை அந்தப் பக்கம் போகவே இல்லை.
"புகை எண்டா அடுப்பு" என்றார்.

டீச்சர் கொப்பியைத் திறந்து விரலால் தேடினா.
மலை எழும்பிய அதே இரவு.
பதினேழில் அது இல்லை.
"அணையல்ல" என்றா, தனக்குள்.
"அப்ப மந்திரம் அங்க எட்டல்ல."

ஒருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு டினோஜன், இறங்கின குரலில்:
"இருநூறு பேருக்கு ஒரு அடுப்புக் காணுமா?"
"முறைவச்சுச் சமைப்பாங்க" என்றார் கிருபைராசா.
"உப்பு?"
உப்புக்கு என்ன செய்வார்கள் என்று
பதினொன்றரை வரை இழுபட்டோம்.
மழை பிடித்தது. என்னைப் பாலத்துக்கு அப்பால்
ஓட்டோவில் கொண்டுபோய் விட்டார்,
காசு வாங்கவில்லை,
தன் துண்டைச் சொப்பின் பையில் சுற்றி
சேட்டுக்குள் வைத்திருந்தார்.