இடக்கைக்குக் கறுப்பு மட்டும்

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரிகள் வரிசை பிடித்து நிற்கின்றன.
சீட்டுக் கட்டுக்கு அடியில் ஒளித்து
இன்னொரு பாரத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
இங்கே இரண்டுக்குமே பாரம் என்றுதான் பெயர்:
லோரி இறக்குவதற்கும், பேனா நிரப்புவதற்கும்.

பேஸ் கிட்டார்.
'உங்கள் விருப்பப்படி செய்து தருகிறோம்'
என்று முதல் பக்கம் முழுக்கப் பெரிய எழுத்து.
விருப்பங்கள் இரண்டாம் பக்கத்தில்.

மரம், இரண்டில் ஒன்று.
இரண்டும் நான் பார்த்திராத மரங்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் ஏக்கருக்கு நிற்கிற மரத்தில்
ஒரு பலகை அறுக்க முடியாது.
கழுத்து, மெல்லியது அல்லது தடித்தது.
நிறம் பதினாறு.
பதினாறும் பெற்று என்று வாழ்த்துகிற மேடைகளுக்குப் பக்கத்தில்தான்
சனிக்கிழமைதோறும் வாசிக்கிறேன்,
எனக்கும் கிடைக்கட்டுமே என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.

ஏழாவதில் விரல் நின்றது.
நடுவில் ஆரஞ்சு,
ஓரத்துக்குப் போகப் போகக் கருகல்.
சூரியன் வெடித்த மாதிரி என்று ஏதோ பெயர் போட்டிருந்தார்கள்.
சூரியனும் இல்லை ஒன்றும் இல்லை.
அது உதிரிப் பழம்.
அடி சிவந்து நுனி கறுத்து
தினமும் என் செருப்பில் நசுங்குகிற பழம்.

பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி:
இடக்கைக்காரர்களுக்குக் கறுப்பு மட்டும்.
ஐந்து கம்பியும் கிடையாது.

ஜொகூர் பாரு கடைக்குப் போன் போட்டேன்.
'கறுப்பு நல்லது லா, அழுக்குத் தெரியாது'
என்றார் யாப், மலாயில்.
பிறகு கேட்டார்:
'யாருக்கு, உங்க அண்ணனுக்கா?'

பதினோரு வருஷம்
சோத்தாங்கைக்காரன் கிட்டாரைத்
தலைகீழாய் மாட்டிக்கொண்டு வாசித்தவள் நான்.
திருகுகள் முழங்கையில் இடிக்கும்.
வரவேற்பு உச்சத்தில் இருக்கும்போது
என் சத்தம் மட்டும் தானாக இறங்கிப் போகும்.
பிரியாணித் தட்டோடு போகிற யாருக்கும் தெரியாது.
டிரம்ஸில் இருக்கிற மோசஸ்தான்
உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் போனவனாய்த்
திரும்பிப் பார்ப்பான்.

கழுத்துக்குப் பின்னால் தகட்டில் பெயர் பொறிப்பார்களாம், இலவசம்.
ரோமன் எழுத்து. பன்னிரண்டுக்கு மேல் கூடாது.

ஞானசௌந்தரி.
தமிழில் ஆறு.
அடையாள அட்டையில் பதின்மூன்று.

எதை விடுவது?
முன்னால் சத்தமே போடாமல் நிற்கிற அந்த ஜியை விட்டால்
'நனாஸ்' என்று தொடங்குகிறது.
மலாயில் அன்னாசி.
இடைநிலைப் பள்ளியில் ஐந்து வருஷம் கேட்டது போதும்.
கடைசி எழுத்தை விட்டால்
ஞானசௌந்தர்,
யாப் விசாரித்த அண்ணன்.
நடுவில் கைவைத்தால்
எனக்கே என்னைப் படிக்க வரவில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஹாரன்.
சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விரல்பலகையில் முத்துப் புள்ளிகள்:
வேண்டும், வேண்டாம்.
இந்த ஒரு வரிக்குத்தான்
பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை,
கீழே எறும்பு வரியும் இல்லை.
வேண்டாம் என்பதில் மட்டும்
அவர்கள் கை பார்ப்பதில்லை.
வேண்டாம்.
இருட்டில் வாசித்துப் பழகியவளுக்கு
வழி சொல்ல எதற்கு முத்து?

முன்பணம் தொள்ளாயிரம் ரிங்கிட்.
பதினெட்டு வாரம்.
கறுப்பு என்ற கட்டத்தில் குறி போடும்போது
கட்டைவிரல் பட்டு
ஆரஞ்சாக ஒரு கறை.
காலையில் ஒரு குலையைத் தூக்கி ஓரம் வைத்தது,
இன்னும் போகவில்லை.
துடைத்தேன், பரவுகிறது.
படமெடுத்து அப்படியே யாப்புக்கு அனுப்பினேன்.
என்ன நிறம் என்று
அவர் டைப் செய்துகொள்ளட்டும்.

அடுத்த லோரி ஏறுகிறது.
முப்பத்தொரு டன்,
வெறும் வண்டி கழிக்காமல்.