முப்பது மணி நேரம்

சௌகார்பேட்டை வீட்டுக்கு அறுபத்திரண்டு படி.
லிஃப்ட் இருந்தது.
பால் ஏறியது, வாஷிங் மெஷின் ஏறியது,
அம்மா ஏறவில்லை.
நான் வேலைக்குப் போன வீட்டுக்கு இரண்டே படி.
ஜெர்மனியில் காசெல் என்றொரு ஊர்.
வாசலில் ஒரு சின்ன சைக்கிள்
குப்புறக் கிடந்தது.

ஓ பேர் என்றால் என்னவென்று
கொருக்குப்பேட்டையில் யாருக்கும் விளக்க முடியவில்லை.
"கொயந்தைய பாத்துக்கினு, அவங்க பாஷைய கத்துக்கினு
ஒரு வருஷம் அவங்க வூட்லயே இருக்கறது."
"அதுக்கு நம்மூர்ல வேற பேரு கீதே" என்றாள் சித்தி.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
லாரித் தண்ணீருக்குக் குடங்களை நகர்த்தியபடி
என் பக்கம் திரும்பாமலே நின்றாள்.
நான் விளக்குமாறு எடுத்தாலே பிடுங்கி வைப்பவள்.

ஒப்பந்தம் நான்கு பக்கம்.
வாரத்துக்கு முப்பது மணி நேரம், மேலே இல்லை.
ஒன்றரை நாள் விடுப்பு.
ஜன்னல் வைத்த அறை.
சாப்பாடு அவர்களோடு, அதே மேசையில்.
அந்தக் கடைசி வரியை
டிக்ஷனரி வைத்து மறுபடி படித்தேன்.

இருந்தும் முதல் ராத்திரி
தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத்தான் போனேன்.
கால்கள் தாமாகப் போயின.
அவர்கள் முள்கரண்டியைக் கையில் பிடித்துக் காத்திருந்தார்கள்.
நான்கு வயது மாத்திஸ்
பக்கத்து நாற்காலியைத் தட்டித் தட்டிக் காட்டினான்,
நாய்க்குட்டியைக் கூப்பிடுகிறமாதிரி.
உட்கார்ந்தேன்.

எல்லாம் நன்றாக இருந்ததென்று சொல்ல மாட்டேன்.
நாலு மணிக்கே இருட்டிவிடும் பிப்ரவரி.
கருவாட்டு வாசனைக்கு ஏங்கி
மீன் டப்பா ஒன்றைத் திறந்து அழுதிருக்கிறேன்.
இவாஞ்சலின் என்ற பெயரை ஏஃபா என்று நறுக்கிய மாத்திஸ்
காய்ச்சலில் என்னை அம்மா என்றான்.
கதவருகே நின்று கேட்ட சில்கே
மறுநாள் முழுக்க என்னிடம் பேசவில்லை.

அந்த வாரம் முப்பது, நாற்பத்தொன்றானது.
எழுதினேன். கிழித்தேன். எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
வெறும் எண்: நாற்பத்தொன்று.
கை நடுங்கியதை அவள் பார்த்தாளா தெரியாது.
படித்தாள். "சரிதான்" என்றாள்.
அடுத்த வாரம் பதினொரு மணி நேரம் குறைந்தது.
இவ்வளவுதானா?
வீடு இடியவில்லை, பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கவில்லை.

திரும்பி வந்த அன்று ரயில்வே கேட் மூடியிருந்தது.
ஐம்பத்துநாலு பெட்டி கூட்ஸ், எண்ணினேன்.
எண்ணுகிற புத்தி ஒட்டிக்கொண்டது.
ஒரு வாரம் அம்மாவின் மணி நேரத்தையும் எண்ணினேன்,
மூன்று வீடு, அறுபத்தேழு.
"இன்னாத்துக்கு எண்றே, எண்ணா கொறையுமா?"
அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
ஞாயிறு விடுப்பு. ஏழு மணிக்கு மேல் இல்லை.
மடித்து ரேஷன் கார்டுக்குள் செருகினாள்.
அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

ஞாயிறு ஜெபத்துக்கு அம்மா எப்போதும்
இரண்டாம் பாட்டின் நடுவில்தான் நுழைவாள்,
புடவையில் விம் வாசனையோடு.
ஆடி மாதத்து ஒரு ஞாயிறு
கீபோர்டுக்காரன் ஒயர் மாட்டுவதற்கு முன்பே
முன் வரிசையில் இருந்தாள்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
"ரெண்டு வூடு ஒத்துக்கிச்சு.
படிக்கட்டு வூட்ல வேற ஆள் வச்சுட்டாங்க."
மாதம் நாலாயிரம் போயிற்று.
அதை நான் எந்தக் காகிதத்தில் எழுதுவேன்?

இப்போது தண்டையார்பேட்டையில்
வெல்டிங் கடைக்கு மேல் ஜெர்மன் வகுப்பு.
பாதிப் பேர் நர்ஸ்கள்.
பொறி பறக்கும் சத்தத்தில் வினைச்சொல் படிக்கிறோம்.
மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சி, மூன்று வருடம்,
இடம் கிடைத்துவிட்டது.
விசா நேர்காணலில் கேட்பார்கள்: ஏன் மறுபடி?
குழந்தைகள் பிடிக்கும் என்று சொல்லச் சொன்னார் வகுப்பு சார்.
பிடிக்கும்தான்.

மாத்திஸ் வீடியோவில் வருகிறான்.
என்னிடமிருந்து அவன் கற்ற ஒரே சொல்லோடு:
"இன்னா?"
அம்மா போனைப் பிடுங்கி,
"வரும் வரும், துன்னியா?" என்கிறாள்.
வைத்த பிறகு கேட்டாள்:
"அந்தப் படிப்புக்கு வாரம் எவ்ளோ நேரமாம்?"
"முப்பத்தொம்பது."
பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் கை துடைத்தாள்.
"எழுதி வாங்கிக்கினு போ."