நூற்று நாற்பத்து மூன்று கிராம்

மஹ்பூலாவில் எங்கள் கட்டடம், ஆறாவது மாடி.
சமையல் மேடை ஏழடி. ஆட்கள் எட்டு.
நோட்டில் முதலில் எழுதியது இதுதான்.
இரண்டிரண்டு பேராக நான்கு அணி.
தராசு ஒன்றே ஒன்று,
ஆகவே ஓர் அணி நிறுக்க மூன்று அணி பார்க்க
என்று அடித்துத் திருத்தினேன்.

காஸ்டிக் சோடா கேட்டதும்
ஹார்டுவேர் கடை குஞ்ஞுமோன்
"பைப் அடைச்சோ சேச்சி?" என்றார்.
சோப்புக்கு என்றேன்.
"சோப்பு பக்காலாவில் உண்டல்லோ!"
பதில் இருந்தது, நீளம் அதிகம்.
ஆமாம், பைப்தான் என்று வாங்கி வந்தேன்.

கண்ணாடிக்குக் கவலையில்லை.
குணாளன் தன் ரிஃபைனரி ஷட்டவுன் முடிந்து
பன்னிரண்டு கொண்டுவந்து போட்டார்,
யார் யாரோ மூக்கு அழுத்திய தடத்தோடு.

தண்ணீர்தான் சிக்கல்.
ஆகஸ்ட் மாசம், மொட்டைமாடித் தொட்டி,
பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே
டீ போடலாம்.
அதில் சோடா விழுந்தால் பொங்கும்.
முந்தின இரவே பாட்டில் நீர் ஃப்ரிட்ஜுக்குள். அடிக்கோடு.
தண்ணீரில் சோடா.
சோடாவில் தண்ணீர் அல்ல.
மூன்று முறை நான் சொல்ல வேண்டும்,
நான்காம் முறை அவர்கள் எனக்கு.

ஆலிவ் ஐந்நூறு, தேங்காயெண்ணெய் முந்நூறு,
பாமாயில் இருநூறு.
இதற்குச் சோடா நூற்றைம்பத்தொன்று கேட்கும்.
நூற்று நாற்பத்து மூன்றில் கையை நிறுத்தணும்.
அந்த எட்டு கிராம் தள்ளுபடி தோலுக்கு.

அச்சுக்கு லபன் அட்டைப் பெட்டிகள்,
நானும் ரஹ்மத் நிஷாவும் மூன்று வாரம்
புளிக்கப் புளிக்கக் குடித்துச் சேர்த்தவை.
ஊற்றி, போர்த்தி, மறுநாள் அறுத்து,
கட்டிலுக்கடியில் ஆறு வாரம் காயவிட வேண்டும்.

முதலில் பெயர் கொடுத்தவள் தவமலர், மட்டக்களப்பு.
வீட்டு வேலை. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி
நாலு மணி நேரம் வெளியே விடுவார்கள்.
இரண்டு தினாரையும் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
கையுறை அளவுக்குக் கையை நீட்டச் சொன்னேன்.
விரல் நுனிகளில் ரேகை இல்லை.
"குளோரக்ஸ், அக்கா.
எயார்போட்டில விரல் வைச்சா
மெசின் என்னை ஆரெண்டு கேக்குது."

எச்சரிக்கை என்று தலைப்பிட்டு
நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தை
அப்போது அவளிடம் காட்டவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்:
"சோப்பு எப்ப கையில வரும்?
அக்காமா முடியுது. டிக்கெட் போட்டாச்சு."
வகுப்பு முடிந்து பத்தொன்பதாம் நாள்.

அன்றிரவு பாதி நோட்டை அடித்தேன்.
ஊற்றிக் காயவைக்கும் முறை வேண்டாம், காய்ச்சும் முறை.
நான்கு பர்னர், நான்கு ஸ்டீல் சட்டி
(அலுமினியத்தைச் சோடா தின்றுவிடும்),
சிறு தீயில் கிண்டக் கிண்ட
ஆறிப்போன ரவைக் கேசரி மாதிரி திரளும்.
ஓரம் பிய்யும். மேல்பக்கம் மேடுபள்ளம்.
நிறம் சுழற்ற, இதழ் பதிக்க என்று
நான் எடுத்து வைத்த ஏழு படமும் தண்டம்.
ஆனால் ஒரு வாரத்தில் பெட்டியில் வைத்துப் பயணம் போகும்.

மற்ற ஏழு பேருக்குக் காரணம் சொல்லவில்லை.
"ரோஜா வடிவம் வரும்னியே" என்றாள் செபஸ்தியாள்.
வராது என்றேன்.

நாலு மணி நேரம்.
பஸ்ஸுக்கு முக்கால், திரும்ப முக்கால்.
கிண்ட இரண்டு.
மிச்ச அரை மணியில் நிறுத்தல், தேநீர், ஃபோட்டோ.
அறிமுகத்தைத் தூக்கிவிட்டேன்,
கிண்டும்போது பேசிக்கொள்ளட்டும்.

இன்னும் பாக்கி:
ஹாரிஸிடம் ஒரு வார்த்தை,
எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு துடைப்பு,
வாசனை எண்ணெய் எது என்பது.
ஃபோனில் தவமலரைக் கேட்டேன்.
ஊதா? மல்லிகையா? ஏலமா?
அந்தப் பக்கம் குழந்தை அழுதது,
யாரோ அவள் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள்.
குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"ஒண்டும் போடாதீங்க அக்கா.
எதுவும் மணக்காத சோப்பு ஒண்டு
எனக்கு வேணும்."

வாசனை என்ற வரியை அடித்தேன்.
செலவில் நான்கு தினார் மிச்சம்.