உறை எண் நாற்பத்தொன்று

நேற்று மாலையிலிருந்து நான்கு லீற்றர்.
எலுமிச்சைச் சுவை என்று பெட்டியில் போட்டிருந்தது.
கடல் தண்ணீரில் யாரோ
எலுமிச்சையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போன ருசி.
வெள்ளவத்தையில் கடைசி ரயில் போனது தெரியும்,
முதல் ரயில் வந்ததும் தெரியும்.
இடையில் நான் படுக்கவேயில்லை.

துறைமுகச் சுங்கத்தில் இருபத்தாறு வருடம்
கொள்கலன் திறந்து பார்த்தவள்.
இன்று நானே சரக்கு,
அறிவிக்க ஒன்றுமில்லாமல், காலியாக.

படிவம் மூன்று மொழியில்.
அதிர்ஷ்டம் என்று எழுத வெட்கப்பட்டவர்கள்
‘எழுமாற்று’ என்று எழுதியிருந்தார்கள்.

டொக்டர் வீரக்கொடி பேனையைத் திருப்பிக் காட்டினார்:
இது வழமையான குழாய். நுனியில் கமரா, வெளிச்சம்.
மற்றதும் இதே குழாய்தான்,
நுனியில் ஒரு வளையம், வளையத்தில் மெல்லிய விரல்கள்.
உள்ளே போகும்போது படிந்து கிடக்கும்,
திரும்பும்போது விரிந்து
குடலின் மடிப்புகளை இழுத்துப் பிடிக்கும்.
மடிப்புக்குப் பின்னால் இருப்பது தெரியலாம்.

“எது நல்லது?”
“தெரிந்தால் உங்களைக் கேட்டிருக்க மாட்டோம்.”

அந்தப் பதிலுக்காகவே கையெழுத்து வைத்தேன்.
அண்ணனுக்கு ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.
எல்லாம் சரி, எல்லாம் சரி என்றார்கள்,
நாற்பத்தொன்பது வயதில் முடிந்துபோனான்.

பக்கத்துக் கட்டிலில் ஃபஸ்லூனா,
கொம்பனித்தெருவில் தையல் கடை.
“மடிப்ப விரலால தானே விரிச்சுப் பாக்கிற,
கண்ணால மட்டும் பாத்தா சரிவருமா?” என்றாள்,
டொக்டருக்குத் தையல் சொல்லிக்கொடுப்பவள் போல.
அவளுடைய உறை நாற்பது: வளையம்.
என்னுடையது நாற்பத்தொன்று.
நேர்ஸ் திலினி கிழித்துப் படித்தாள்:
வழமையானது.

பாதி மயக்கத்தில் திரையைப் பார்த்தேன்.
ஈரமான இளஞ்சிவப்புப் பாதை,
மடிப்புக்குப் பின் மடிப்பு,
ஒவ்வொன்றுக்கும் ஒரு முதுகு.
முன்வரிசையில் யாரும் எதையும் ஒளிப்பதில்லை.
வெங்காய மூட்டைக்குப் பின்னால்,
அதற்கும் பின்னாலிருக்கும் மூட்டைக்கு அடியில்.
எனக்குத் தெரியும். அதுதான் என் சம்பளம்.

திலினி சிங்களத்தில் நிமிடங்களை எண்ணினாள்.
ஆறு என்றாள், ஏழு என்றாள்.
அவர் அவசரப்படவில்லை.
ஒரு வளைவில் நின்றார், திரும்ப உள்ளே போனார்,
நுனியை வளைத்து ஒரு மடிப்பை மெல்ல அழுத்தினார்.
விரல் இல்லாத குழாயை
அந்த ஒரு நொடி விரலாக்கினார்.
பத்து என்றாள் திலினி.

பிறகு பிளேன்ரீயும் இரண்டு கிறீம் கிறாக்கரும்.
ஃபஸ்லூனாவுக்கு மூன்று,
அரிசி மணியிலும் சின்னது.
அங்கேயே வெட்டி எடுத்தாயிற்று.
எனக்கு: ‘எதுவும் காணப்படவில்லை.’

இல்லை என்று எழுதவில்லை.
காணப்படவில்லை.
இந்த நாட்டில் அந்தச் சொல்லை
நான் எப்போதும் இரண்டு தரம் வாசிப்பேன்.
நானும் அதைத்தான் எழுதிவந்தேன்,
‘சோதனையில் எதுவும் காணப்படவில்லை’,
கீழே என் ஒப்பம், திகதி, முத்திரை.
எழுதிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும் இருக்கிறேன்.

அவள் என் பேப்பரை வாங்கிப் பார்த்தாள்,
நான் அவளுடையதை.
அவளுக்கு என் வெறுமையில் பொறாமை,
எனக்கு அவளுடைய மூன்றில்.
வளையத்தாலா அந்த மூன்று,
அல்லது அவளுக்குள் இருந்தது மூன்று, எனக்குள் பூச்சியமா?
இரண்டு பெண்களை வைத்து அதைச் சொல்ல முடியாது.
இன்னும் சில நூறு உறைகள் கிழிபட வேண்டும்.
“அண்ணன் விஷயம் இருக்கு, அஞ்சு வருஷத்தில வாங்கோ” என்றார் டொக்டர்.
அப்போது யாரும் உறை திறக்காமலும் இருக்கலாம்.

வாசலில் த்ரீவீல் நின்றது.
இந்தச் சோதனைக்குச் சாறி கட்டி வந்தவள் நான் ஒருத்திதான்.
“நில்லுங்க” என்று ஃபஸ்லூனா குனிந்தாள்.
என் கொசுவத்தை விரலால் ஒவ்வொன்றாய் விரித்து,
தட்டி, திரும்ப அடுக்கினாள்.

“உள்ளுக்கு ஒண்டு மறைஞ்சு கிடந்த” என்றாள்.