இருபத்தொரு தவணை

பாடாங் செராய் டவுனில்
காசு போடும் இயந்திரம் இரண்டு.
ஒன்று எப்போதும் பழுது.
மாதத்தின் முதல் சனி, காலை ஏழேகால்,
மற்றதன் முன்னால் நிற்கிறேன்,
பழைய முதலாளிக்குச் சம்பளம் கொடுக்க.

ஐந்நூறு வெள்ளி. பத்து ஐம்பதுகள்.
ஒன்றை மட்டும்
நாக்கைத் துருத்துவதுபோல் வெளியே தள்ளுகிறது.
தொடையில் வைத்து மடிப்பை நீவி
மறுபடி கொடுக்கிறேன்.
தின்கிறது.

செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம்
எண்ணெயின் புளிப்பை அளந்தவள் நான்.
அவர்கள் செலவில்தான் பட்டம்:
சனி ஞாயிறுகளில், நான்கு வருடம், வேதியியல்.
பதினெட்டாயிரம்.
ஈடாக மூன்று வருட உழைப்பு என்று
பதினோரு பக்க ஒப்பந்தம்.
ஒன்பதாம் பக்கத்தை யார் படித்தது?
அன்றைக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம்.

பதினைந்து மாதம் கழித்துக் கூலிமில் வேலை கிடைத்தது.
தண்ணீரைச் சோதிப்பது.
இரவு ஷிஃப்ட் இல்லை. தொள்ளாயிரம் கூடுதல்.
மனிதவளப் பிரிவில் புவான் ரோஸ்னித்தா
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்:
மிச்சம் இருபத்தொரு மாதம்,
மாதம் ஐந்நூறு.
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஆக, லாபம் நானூறு.
அதில் பெட்ரோல் நூற்றெண்பது.
மிச்சத்தை வைத்துக்கொண்டு
முன்னேறிவிட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் மாதம் தவறியது. காரின் கியர்பாக்ஸ்.
கடிதம் எனக்கு வரவில்லை,
ஜாமீன் கையெழுத்துப் போட்ட தனபாலனுக்குப் போனது.
ஆலை வாசலில் லோரிகளை நிறுப்பவர்.
இன்னும் அங்கேதான்.
புதன்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலிக் வரிசையில் எனக்கு முன்னால் நின்றார்.
கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
மழை, குலை விலை, மகளுக்குப் பல் கட்டுவது.
போகும்போது என் பொட்டலத்துக்கும் சேர்த்துக்
காசு கொடுத்துவிட்டுப் போனார்.
அந்த மூன்று வெள்ளி
எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.
அடுத்த மாதம் இரட்டிப்பாகக் கட்டினேன்.
அதற்குப் பிறகு தவறவேயில்லை.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்:
கட்டக் கட்டப் பாடங்கள் என் பெயருக்கு மாறுகின்றன.
நான்காம் தவணையில் கரிம வேதியியல்.
ஒன்பதில் வெப்ப இயக்கவியல், பாதி புரியாமலே.
புள்ளியியல் முதலிலிருந்தே என் சொத்து:
மறுதேர்வுக் கட்டணம் கம்பெனி தராது.
தோற்றது மட்டும்
என் கைக்காசில்.

சுவரில் பட்டமளிப்புப் படம்.
இன்றோடு பதினேழு.
கால் செருப்பிலிருந்து கழுத்துவரை நான்.
தொப்பி இன்னும் அவர்களுடையது.

காற்று திரும்பும் சாயங்காலங்களில்
அவித்த குலையின் வாடை டவுனுக்கு வரும்.
துணியெடுக்கப் போன நான்
கொடியடியில் நின்றுவிடுவேன்.
இன்று புளிப்பு கொஞ்சம் அதிகம்,
காய் இரண்டு நாள் கிடந்திருக்கிறது என்று
யாரும் கேட்காமலே மூக்கு அறிக்கை எழுதும்.

நேற்றுத்தான் எண்ணிப் பார்த்தேன்.
கடைசித் தவணை விழுவது,
ஓடாமல் இருந்திருந்தால்
ஒப்பந்தம் முடிந்திருக்கும் அதே மாதம்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

குடுவையில் சொட்டுச் சொட்டாக விடுவோம்.
நெடுநேரம் எதுவும் ஆகாது.
ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு எழும்,
குலுக்கினால் போய்விடும்.
அரை நிமிடம் நின்றால்தான்
குறித்துக்கொள்ளலாம்.

திரையில் எழுத்து:
ரசீதுத் தாள் தீர்ந்துவிட்டது. தொடரவா?
சான்றில்லாமல் ஐந்நூறு.
பின்னால் கையுறை ஆலைச் சட்டையில் ஒரு நேப்பாளப் பையன்,
சுருட்டிய நோட்டுகளை
உள்ளங்கையில் தட்டையாக்கிக்கொண்டிருக்கிறான்.
கைப்பேசியை எடுத்துத்
திரையைப் படம் பிடிக்கிறேன்.
கண்ணாடியில் என் முகமும் விழுகிறது,
தொகையின் மேல்.

ஆம் என்பதை அழுத்துகிறேன்.