புள்ளி எட்டு

பள்ளிக்கூடத்துப் பெட்டியை மட்டும் பேசவிட்டேன்.
இருபத்தெட்டு மெகாபிட்.
ஆஸ்பத்திரிப் பெட்டியை மட்டும்: இருபத்தேழே முக்கால்.
நாரின் மலைகளுக்கு நடுவே, மைனஸ் பத்தொன்பதில்,
வேறொருவர் இல்லாத காற்றுக்கு
எவ்வளவு தாராளம்.

இரண்டையும் சேர்த்துத் திறந்தேன்.
பன்னிரண்டு. பன்னிரண்டரை.
கூட்டினால் மூன்றரை உதைக்கிறது.
களவு போகவில்லை.
வாயெடுக்குமுன் மற்றது பேசுகிறதா என்று
காதுகொடுத்த நேரம் அது.
இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கி,
இரண்டு சொல்லும் உடைந்து,
ஆளுக்கொரு எண்ணைக் குலுக்கி எடுத்து
அது எண்ணித் தீரும்வரை சும்மா நின்ற நேரம்.
பந்திக்கு முந்தத் தெரியாத பெட்டிகள்.
அறிக்கையில் இதற்கு 'மேற்செலவு' என்றொரு கட்டம் உண்டு.
மரியாதை என்று எழுதி
அழித்தேன்.

மூன்றாவது, முகட்டில் முகாம்பெத்தின் வீடு.
சிக்னல் ஒரே ஒரு கோடு.
அவர் கூரையில் என் கருவியைக் கட்டிவிட்டு இறங்கியிருந்தேன்.
இரவு ஒன்பதுக்கு மூன்றையும் ஒன்றாக எழுப்பினேன்.

பள்ளி, புள்ளி எட்டு.
ஆஸ்பத்திரி, புள்ளி எட்டு.
முகடு, புள்ளி எட்டு.

திரையைத் தட்டிப் பார்த்தேன்.
பங்கீட்டு நேர்மை நூற்றுக்கு நூறு.
எல்லோரும் சமமாகப் பட்டினி.

ஆளுக்கொரு முறை என்பதுதான் காற்றின் சட்டம்,
ஆளுக்கு இவ்வளவு நேரம் என்பதல்ல.
கிட்டத்து வீடு ஐம்பது சொல் சொல்லும் பொழுதில்
முகடு ஒன்றைத்தான் இழுத்து இழுத்துச் சொல்கிறது.
மற்றவை வாய்மூடி நிற்கின்றன.

மூன்று இரவு. மூன்று முறையும் அதே எண்.
ஊர்த்தலைவர் சபர்பெக் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி சொன்னார்:
"முகட்டைப் பிடுங்கிவிடு.
கனிஷாய் ராத்திரி அனுப்பும் எக்ஸ்ரே
மூன்று நாளாகப் பாதியில் நிற்கிறதாம்."

நாலாம் நாள், பையில் குறடு, முழங்காலளவு பனி.
பிடுங்கத்தான் ஏறினேன்.

முகாம்பெத் உப்புத் தேநீர் ஊற்றினார்.
"இணையத்துக்காரிதானே நீ?
ஒன்பது அடித்தால் என் மகள் முகம் உறைந்துபோகிறது.
வாய் பாதி திறந்தபடி, பத்து நிமிஷம்.
யாகுட்ஸ்கில் அப்போது நள்ளிரவு,
மீன் ஆலையில் ஷிஃப்ட் முடித்த கையோடு கூப்பிடுவாள்.
மூன்று நாள் முன்புவரை இப்படி இல்லையே."

மூன்று நாள் முன்புதான்
நான் வந்தேன்.

பதிவைத் திறந்து அவருடையதைப் பிரித்தெடுத்தேன்.
ஒரு குரல், தீப்பெட்டி அளவு ஒரு முகம்,
நூற்றிருபது கிலோபிட்.
அந்தப் பள்ளத்தாக்கில் அது ஓர் இருமல்.
மீதியெல்லாம் நான்.
யாரிடமும் எதையும் சொல்லாத வெற்றுப் பொதிகளை
அவர் கூரையேறி நின்று
கத்திக்கொண்டிருந்தவள்.

சோதனையை விடியல் மூன்றுக்கு மாற்றலாம்.
ஊர் தூங்கும்.
பகிர்வதை அளக்க அப்போது
பகிர ஆளிருக்காது.

குறட்டால் என் கருவியின் கம்பியை வெட்டிவிட்டு
அடுப்போரம் உட்கார்ந்தேன்.
ஒன்பது. பெகிமாய் வந்தாள்,
கையுறை கழற்றாமல், அசைந்துகொண்டே.
பின்னால் இருக்கும் பெண் யாரென்று கேட்டாள்.

"காற்றை அளக்க வந்தவள்."

"எவ்வளவு இருக்கிறதாம்?"

நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.