தெரியாத மாதிரி

ஆரணி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில்
எதிர்ப்பந்தியில் வந்து உட்கார்ந்தவளை
எட்டாம் வகுப்பில் எனக்குத் தெரியும்.
முழுக்கைச் சட்டையை விரல்வரை
இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள், மே மாதத்திலும்.
இப்போது அரைக்கை ரவிக்கை, கை நிறைய வளையல்.
மடியில் ஒரு குழந்தை அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தது.
நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

தொழிலில் அப்படி ஒரு விதி.
அவர்கள் முதலில் சிரித்தால் சிரிக்கலாம்.
அதுவரை யாரையும் தெரியாது.
முப்பத்து நாலு வருஷமாக
இந்த வேலூரில் எனக்கு யாரையுமே தெரியாது.
டாக்டரம்மாவுக்குத் தலைக்கனம் என்று
எங்கள் தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.
பேசட்டும்.

பாகாயம் டிக்கெட் வாங்கினால்
கண்டக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார் என்று
தொரப்பாடியில் இறங்கி
வெயிலில் நடந்து வருவார்கள் சிலர்.
ஜெயில் ஸ்டாப்பில் இறங்குகிறவர்களை
யாரும் ஏனென்று கேட்பதில்லையாம்.
டீச்சரைப் பார்க்கப் போகிறோம் என்று
பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள்.
நானும் சாக்பீஸ் ஒன்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது டிராயரில் பொம்மைகள்.
சக்கரம் கழன்ற லாரி, துதிக்கை ஒடிந்த யானை,
ஒரு போலீஸ்காரர், ஒரு சின்னக் கட்டில்.
அப்பா பொம்மையை மட்டும் ஏழு முறை வாங்கினேன்.
எப்போதும் முதலில் காணாமல் போவது அதுதான்.
ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே
அரளிச்செடிக்குள் தலைகுப்புறக் கிடந்தது.
எடுத்து வரச் சொல்லவில்லை நான்.

காட்பாடியில் ரயிலிறங்கி
லாட்ஜில் மூன்று நாள் காத்திருந்த வங்காளத் தாய்
"கொத்தா போலே நா, கொத்தா போலே நா" என்றாள்.
அந்த மொழியில் நான் முதலில் கற்ற வாக்கியம்
பேசவில்லை என்பது.

ஒருவன் இருக்கிறான்.
அவனை மண்டபத்திலோ பஸ்ஸிலோ பார்க்கப்போவதில்லை.
அடுத்த வியாழன், பதினொரு மணி என்று
அவன் சீட்டில் எழுதியது என் கை.
அந்த வியாழன் ஒரு மணிவரை
கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
அதற்குள் செவ்வாய் வந்து போயிருந்தது.
தெரியாத மாதிரி இருக்கத் தேவையில்லாத
ஒரே முகம்.

இன்னொருவனுக்கு ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம்.
அது அவன் பெயரில்லை.
குடியாத்தத்தில் அம்மாவுக்குத் தீப்பெட்டி வேலை.
"இன்னா கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாம்மா.
குச்சி அடுக்கறது ஒண்ணுதான்."
அடுக்கினான். என் மேஜையின் விளிம்பிலிருந்து விளிம்புவரை,
மருந்துத் தலையெல்லாம் ஒரே திசையில்.
ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆறாவது வாரம் ஒரு குச்சியை
கொஞ்சம் நகர்த்தினேன்.
அவன் அதைத் திருப்பி வைத்தான்.
இன்னொன்றை நகர்த்தினேன். வைத்தான்.
கேஸ் ஷீட்டில் எழுதினேன்:
"இன்று நெடுநேரம் பேசினோம்."
மேலே இருந்தவர் சிவப்பு மையில் அடித்துவிட்டார்.

ஓய்வு பெற்ற மறுவாரம்
ஒழுகும் குழாய்க்கு வாஷர் வாங்க லாங் பஜார் போனேன்.
கல்லாவில் நாற்பது வயதிருக்கும் ஒருவர்,
காதோரம் நரை, காதில் பென்சில்.
மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்கவில்லை.
கண்ணாடி மேல் வைத்தார்: பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று.
சிங்கங்கள் எல்லாம் மேலே பார்த்து,
நேராக நின்றன.
நான் வாஷரைப் பார்த்தேன்.
அது நல்ல வாஷர். கறுப்பு.
"சரியா இருக்குதா பாருங்க டீச்சர்."
தலை நிமிரவில்லை அவர்.
இரண்டு ரூபாயை
ஒரு விரலால் சற்றே நகர்த்தினேன்.
அவர் அதைத் திருப்பி வைத்தார்.
பின்னால் நின்ற ஆள்
ஒன்றரை இன்ச் ஆணி கால் கிலோ என்றார்.